வண்ணார் துறையின் வழி



ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் ஏழாம் அதிகாரத்தைத் திறந்தவுடன் நாம் இம்மானுவேல் என்ற திருநாமம் வரும் பதினான்காம் வசனத்துக்கு விரைந்துவிடுகிறோம். அதற்கு முன்பாக மூன்றாம் வசனத்தில் ஓர் இடக்குறிப்பு உண்டு. யூதாவின் ராஜாவாகிய ஆகாஸைச் சந்திக்கும்படி தீர்க்கதரிசியும் அவருடைய குமாரனும் அனுப்பப்படுகிறார்கள். சந்திக்க வேண்டிய இடம் அரண்மனையோ தேவாலயமோ இல்லை. வண்ணார் துறைக்குப் போகிற வழியில், மேல்குளத்து மதகு முடிகிற இடம்.

காலம் ஏறத்தாழ கி.மு. 735. சீரியாவும் இஸ்ரவேலும் கைகோத்து எருசலேமின் மேல் வரும் நேரம். முற்றுகை வந்தால் நகரத்துக்குத் தண்ணீர் நிற்குமா என்று பார்வையிட ராஜா அங்கே வந்திருக்கலாம் என்பது வியாக்கியானிகள் பலரின் கருத்து. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, கி.மு. 701-இல், அசீரிய ராஜாவின் சேனாதிபதி ரப்சாக்கே வந்து நின்று எசேக்கியாவை மிரட்டியதும் இதே இடத்தில்தான். இரண்டாம் ராஜாக்கள் பதினெட்டாம் அதிகாரத்தில் அதே மேல்குளம், அதே வண்ணார் துறை. ஒரு தேசத்தின் பிழைப்பும் அழிவும் பேசப்பட்ட இரண்டு தருணங்களில், சற்றுத் தள்ளி யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெயர் வேதத்தில் இல்லை. அவர்கள் தொழில் செய்த இடத்தின் பெயர் மட்டும் இருக்கிறது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வசனத்தைத் தமிழாக்கச் சிரமப்பட்டிருக்கமாட்டார்கள் என்று எண்ணுகிறேன். குளம், மதகு, துறை ஆகிய மூன்று சொற்களும் நம்முடைய ஊர்ச் சொற்கள். விருத்தாசலத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் இடைப்பட்ட நம் ஆண்டிமடத்துச் செம்மண் பூமியில் வற்றாத ஆறு ஓடவில்லை. தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் தொலைவில் இருக்கின்றன. ஆகவே இங்கே துறை என்றால் பெரும்பாலும் ஏரியின் மதகடிதான், அல்லது குளத்தின் கடைசிப் படி. குடிதண்ணீர் எடுக்கும் பக்கம் ஒன்று, மாடு குளிப்பாட்டும் பக்கம் ஒன்று, வெளுக்கிற பக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி. எருசலேமிலும் அது நகரத்துக்குப் புறம்பேதான் இருந்தது.

இந்த வாரம் அந்தத் துறையின் வரலாற்றைச் சிறிது நடந்து பார்க்க உங்களை அழைக்கிறேன். பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு, ஒரு வெள்ளைச் சட்டை வெள்ளையாவதற்குள் எத்தனை கைகள் நனைந்தன என்பது தெரியாது. தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

தமிழில் இந்தத் தொழிலைப் பற்றிய சாட்சி மிகப் பழையது. சங்கப் பாடல்களில் துணி வெளுப்பவள் புலைத்தி என்று அழைக்கப்படுகிறாள். புறநானூற்றில் ஔவையார் பாடிய 311-ஆம் பாட்டு ஒரு நுட்பமான செய்தியைச் சொல்லிப்போகிறது. அவள் களர் நிலத்தில் கிணறு தோண்டி, அந்தத் தண்ணீரில் நாள்தோறும் துவைக்கிறாள். நல்ல தண்ணீர் இருக்கும்போது களர் நிலத்தில் ஏன் தோண்ட வேண்டும்? களர் நீரில் காரம் உண்டு. அழுக்கை எடுப்பது அந்தக் காரமே. வேதியியல் என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, எந்தத் தண்ணீர் எந்த வேலைக்கு என்று அந்தப் பெண் அறிந்திருந்தாள். நற்றிணை 90-ஆம் பாட்டிலோ ஊரில் திருவிழா. உடை கொடுத்தவர்கள் பலர், அவளுக்குக் கை ஓயவில்லை. இரவிலே துணியைக் கஞ்சியில் தோய்க்கிறாள். நம் வீடுகளில் வடித்த கஞ்சியில் வேட்டியை முக்கி எடுத்த வழக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு நெருங்கிய வயது. நமது பண்டிகையை முன்னிட்டு இரவிலும் வேலை செய்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கும் அதே வயது.

எரேமியா இரண்டாம் அதிகாரத்தில், எதைக் கொண்டு கழுவினாலும் போகாத கறையைப் பற்றித் தீர்க்கதரிசி பேசுகிறார். அங்கே எபிரெயத்தில் இரண்டு பொருள்களின் பெயர் வருகிறது. ஒன்று நெத்தேர், பூமியிலிருந்து எடுக்கும் கார உப்பு. மற்றொன்று போரித், செடிகளைச் சுட்ட சாம்பலிலிருந்து வடிக்கும் காரம். முன்னதற்கு நம் பழைய தமிழ் வேதாகமம் இட்ட சொல் உவர்மண். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. பின்னதற்குச் சவுக்காரம் என்று வைத்தார்கள்; மல்கியா மூன்றாம் அதிகாரத்தில் வருவதும் அதே போரித்தான். அக்காலத்தில் அது கட்டியாக உறையில் சுற்றி விற்ற பொருள் இல்லை, சாம்பல் நீர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த வசனங்கள் இன்னும் தெளிவாகும்.

உவர்மண் எங்கும் கிடைக்காது. நீர் வடியாத தாழ்ந்த நிலத்தில், கோடையில் ஈரம் மேலே ஏறி வெயிலில் ஆவியாகும்போது, மண்ணில் கரைந்திருந்த உப்பு மேற்பரப்பில் வெள்ளையாகப் படியும். இதை உவர் பூத்தல் என்பார்கள். பயிர்செய்பவனுக்கு அது சாபம், வெளுப்பவருக்கு மூலதனம். அதிகாலையில் போய்ச் சுரண்டி எடுத்து, கூடையில் சுமந்து வருவார்கள். அதிலிருக்கும் முக்கியமான பொருள் சோடியம் கார்பனேட்டு, நாம் கடையில் வாங்கும் சலவைச் சோடா அதுவே.

அடுத்தது வெள்ளாவி. இளையவர்களுக்கு இந்தச் சொல் ஒரு சினிமாப் பாட்டின் வழியாக மட்டுமே தெரிந்திருக்கலாம். ஆகவே முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் ஊறவைத்துப் பிழிவார்கள். அடுப்பின்மேல் பதித்த பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கும். பிழிந்த துணிகளை அந்தப் பானையைச் சுற்றியும் மேலும் வளையம் வளையமாக அடுக்கி, ஆவி உள்ளேயே சுழலும்படி மூடிவிடுவார்கள். இரவெல்லாம் நெருப்பு அணையக்கூடாது. நம் பக்கத்தில் முள்ளும் முந்திரி மிளாரும் எரிபொருள். ஆவி நூலுக்குள் ஏறும்போது, துணியில் படிந்த எண்ணெயும் வியர்வைப் பிசுக்கும் காரத்தோடு சேர்ந்து துணிக்குள்ளேயே சவுக்காரமாக மாறும். அழுக்கே சவுக்காரமாகி அழுக்கைக் கழற்றும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. பேனும் சொறிசிரங்கின் பூச்சியும் அந்த வெப்பத்தில் சாகும். மருத்துவமனைகள் எட்டாத காலத்தில் ஊரின் சுகாதாரத்தில் வெள்ளாவிக்குப் பங்கு இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

விடிந்ததும் மூட்டையைப் பிரித்துத் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடிப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில், அல்லது கணுக்கால் அளவு சேற்றில், நாள் முழுவதும் நிற்க வேண்டும். துணியைத் தலைக்கு மேலே சுழற்றி அடிக்கும்போது மூச்சை வாய்வழியாகச் சீறலோடு வெளியேற்றுவார்கள். அந்த ஓசை பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் என்பார்கள். அதன்பின் அலசல். வெள்ளைத் துணியை வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளிப்பது ஒரு நுணுக்கம்; ஈரமும் வெயிலும் கூடும்போதுதான் நூல் வெளுக்கும். பிறகு நீலம், கஞ்சி, மறுபடி வெயில். காயப்போடும் கயிறு இரண்டு புரியாக முறுக்கப்பட்டிருக்கும். துணியின் முனையைப் புரிகளுக்கு இடையே செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் பறக்காது, கிளிப்பு தேவையில்லை. கடைசியில் கரி போட்ட பெட்டி. இஸ்திரி என்ற சொல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது என்பார்கள்.

நம் பகுதியில் இவர்களுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. அது முந்திரிப் பழம். பங்குனி சித்திரையில் பழம் பொறுக்கிய பிள்ளைகளின் சட்டையைத் தாய்மார்கள் எந்த முகத்தோடு வாங்கினார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சாறு பட்ட கறை உவர்மண்ணுக்கும் வெள்ளாவிக்கும் முழுமையாக இணங்காது. ஆனால் அதே முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மரத்தின் கொட்டையை அவர்கள் தமக்கு ஊழியம் செய்யவைத்தார்கள். சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதன் சாற்றால் துணியின் ஓரத்தில் ஒரு குறி இட்டு, சுண்ணாம்பு தடவினால் அது கருத்து நிலைத்துவிடும். துணி கிழிந்தாலும் குறி அழியாது. ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி, இன்னொரு வீட்டுக்கு இரண்டு கோடு, மற்றொன்றுக்குச் சிலுவை போன்ற ஒரு கீறல். எழுதப் படிக்க அனுமதிக்கப்படாத மக்கள் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடையாளத்தை இப்படி மனத்தில் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே அவர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட எழுத்து என்றே இதை நான் மதிக்கிறேன்.

அரசுகளும் இந்தத் துறையைக் கவனிக்கத் தவறவில்லை. வரி வாங்குவதற்குத்தான்! உரோமப் பேரரசில் துணி வெளுக்கச் சிறுநீரைப் பயன்படுத்தினார்கள்; புளித்த சிறுநீரில் உள்ள அமோனியா அழுக்கை நீக்கும். வெஸ்பாசியான் பேரரசர் அந்தச் சிறுநீருக்கே வரி விதித்தார். யூதேயாவின் மேல் படை நடத்திய அதே வெஸ்பாசியான்தான். நம் பக்கம் திரும்பினால், ஆண்டிமடத்திலிருந்து சிறு பயணத் தொலைவில் கங்கைகொண்ட சோழபுரம் நிற்கிறது. அந்தக் கோபுரத்தைக் காட்டி நம் பிள்ளைகளுக்குப் பெருமை சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அதைக் கட்டிய சோழர்களின் செப்பேடுகளில் வரிகளின் நீண்ட பட்டியல் வரும். அதில் ஒன்றின் பெயர் வண்ணாரப்பாறை. துவைக்கிற கல்லுக்கு வரி. தறிக்கு வரி, குயவருக்கு வரி, தட்டாருக்கு வரி என்ற வரிசையில் அந்தக் கல்லும் கணக்கில் ஏறியது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது வண்ணாரச்சேரி என்று தனியே ஒரு குடியிருப்பும் குறிக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் தனிச்சேரியில் இருந்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் வந்த பின்பு வெளுக்கும் கைகளுக்குப் புதிய மதிப்பு வந்தது. அவர்கள் இங்கே தேடி வந்த சரக்குகளில் முதன்மையானது பருத்தித் துணி. தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக இருக்கும். அதை வெளுத்துக் கொடுத்தால்தான் இலண்டனில் விலை. சென்னையின் வடக்கே துணி வெளுப்பவர்கள் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை என்று இன்றும் அழைக்கப்படுகிறது. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டை உருவானபோது நூற்பவர், நெய்பவர், துணியில் வண்ணம் எழுதுபவர் ஆகியோருடன் வெளுப்பவரும் அழைத்துக் குடியமர்த்தப்பட்டார்கள். அந்நாட்களில் ஐரோப்பாவில் துணி வெளுக்கப் பல மாதங்கள் ஆகும். சாம்பல் நீரும் புளித்த மோரும் மாறிமாறி ஊற்றிப் புல்வெளியில் விரித்துவைப்பார்கள். 1774-இல் ஷீலே குளோரினைக் கண்டுபிடித்து, 1785-இல் பெர்த்தோலே அதைக் கொண்டு துணி வெளுக்க வழி காட்டி, 1799-இல் சார்லஸ் டென்னன்ட் வெளுப்புத் தூளுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு அந்த நிலைமை மாறியது. அத்தனையும் நம்முடைய துறைகளில் கை வேலையாகவே நடந்துகொண்டிருந்த காலம் அது.

பிரியமானவர்களே, இனி நான் எழுதப்போவது நமக்கு அவ்வளவு வசதியான பகுதி இல்லை.

கம்பெனிக்கு வெளுத்தவர்கள் சிலர். மற்றவர்கள் ஊருக்கு வெளுத்தார்கள். ஊர் அவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. அறுவடைக் களத்தில் சில மரக்கால் தானியம், மாலையில் வீடுவீடாகச் சென்றால் கூடையில் விழும் சோறு, பண்டிகையில் ஒரு பழந்துணி. வெளுப்பதோடு வேலை முடியாது. சாவு வீட்டில் பாதையில் துணி விரிக்க வேண்டும், திருமண வீட்டில் மாற்று கொடுக்க வேண்டும், பிரசவத் துணியும் மாதவிலக்குத் துணியும் அவர்களே எடுக்க வேண்டும். எந்த வீட்டில் யார் பருவமடைந்தாள், எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் துக்கம் என்று அவர்களுக்குத் தெரியாத செய்தியே இல்லை. அந்த வீடுகளின் திண்ணைக்கு மேல் அவர்கள் ஏறியதும் இல்லை. தலை நரைத்தவரை ஐந்து வயதுப் பிள்ளை ஒருமையில் அழைத்தது. நம் பழைய வேதாகமத்தில் மாற்கு ஒன்பதாம் அதிகாரத்திலும் அந்த ஒருமைச் சொல்லே நின்றது. மொழிபெயர்த்தவர்கள் தீமை எண்ணவில்லை, ஊர் பேசியதை எழுதினார்கள்.

அவர்களுக்கும் கீழே ஒரு படியை நம் சமூகம் வைத்திருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மட்டும் துணி வெளுத்தவர்களைப் புதிரை வண்ணார் என்றும் துரும்பர் என்றும் அழைத்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் அழுக்கை எடுத்ததால், ஒடுக்கப்பட்டவர்களாலும் தாழ்வாக நடத்தப்பட்டவர்கள். அவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு ஒரு நல வாரியம் அமைத்தது 2009-ஆம் ஆண்டில்தான்.

இவர்களுடைய வாழ்வை எழுதிய நாவல் ஒன்று உண்டு. எழுத்தாளர் இமையம் 1994-இல் வெளியிட்ட ‘கோவேறு கழுதைகள்’. நமக்கு வடக்கே அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்துக் கழுதூரைச் சேர்ந்தவர் அவர். அந்த மண்ணின் பேச்சே அந்தப் புத்தகத்தின் பேச்சு, ஆகவே நமக்கு அகராதி வேண்டாம். சபையார் அதை வாசிக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதில் வரும் பெண்ணின் பெயர் ஆரோக்கியம். கணவர் பெயர் சவுரி. ஆம், கிறிஸ்தவக் குடும்பம். ஊர்த் துணியை வெளுத்து, மாலையில் சோறு எடுத்து, களத்தில் தன் பங்குக்காகக் கையேந்தி நிற்கிற அந்தப் பெண் ஞானஸ்நானம் பெற்றவள். திருமுழுக்கின் தண்ணீரும் துறையின் தண்ணீரும் அவள்மேல் பட்டிருக்கின்றன. முன்னது அவளுடைய ஊருக்குள் எதை மாற்றியது என்று அந்த நாவல் நேரடியாகக் கேட்கவில்லை, வாசிக்கிற நமக்கு அந்தக் கேள்வி தொண்டையில் நிற்கிறது. ஒரு போதகனாக நான் அந்தப் புத்தகத்தை எளிதாக மூடிவைக்க முடியவில்லை.

திருச்சபை இதில் முற்றிலும் குற்றமற்றது என்று சொல்ல வரலாறு இடங்கொடாது. முற்றிலும் மௌனமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்க மனமில்லாமல் தஞ்சாவூர் முதலிய இடங்களில் பலர் திருவிருந்தை விட்டு விலகினார்கள். தென்னாட்டில் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. பீடத்தின்மேல் விரிக்கும் துணி, குருவானவரின் அங்கி, ஞானஸ்நானக் குழந்தையின் உடை, மணமகளின் முக்காடு, சவப்பெட்டியின் மேல் போர்த்தும் துணி ஆகிய அனைத்தும் வெள்ளை. நம் ஆராதனை முழுவதும் வெண்மை. அந்த வெண்மையை உண்டாக்கியவர்கள் ஆலயத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள்? உட்கார்ந்தார்களா? உங்கள் பாட்டனாரிடம் கேட்டுப்பாருங்கள்.

சைவ அன்பர்கள் தங்கள் அறுபத்து மூவரில் ஒருவராகக் காஞ்சிபுரத்துச் சலவைத் தொழிலாளியான திருக்குறிப்புத்தொண்டரை வைத்திருக்கிறார்கள். மழை விடாததால் அடியாரின் துணியைக் காயவைத்துக் கொடுக்க முடியாமல், துவைக்கிற கல்லிலேயே தலையை மோதத் துணிந்தவர் என்பது அவர் வரலாறு. சொன்ன நேரத்துக்குத் துணியைத் திருப்பிக் கொடுப்பது இந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய மானப் பிரச்சினை என்பது அந்தக் கதையில் தெரிகிறது. நமது மரபிலோ வெளுப்பவர் ஒருவர் மிகத் துயரமான இடத்தில் வருகிறார். கர்த்தரின் சகோதரனாகிய யாக்கோபு எருசலேமில் கொல்லப்பட்டபோது, துணி அடிக்கும் தடியால் ஒருவன் அவர் தலையில் அடித்தான் என்று ஹெகேசிப்பு எழுதியதை யூசேபியு தம் சபைச் சரித்திரத்தில் பாதுகாத்திருக்கிறார். (அங்கே தடியைக் கொண்டு துணியை அடித்தார்கள் என்பதும் இங்கே துணியைக் கொண்டு கல்லை அடித்தோம் என்பதும் ஒரு சிறு வேறுபாடு.)

பழைய முறை எப்படி மறைந்தது? எந்தச் சீர்திருத்தவாதியும் நாள் குறித்து அதை முடித்துவைக்கவில்லை. கட்டிச் சோப்பு வந்தது. 1888-இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பு கல்கத்தாவில் இறங்கியது. 1959-இல் சர்ஃப் தூள், 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய மலிவு விலை நிர்மா. இவை சந்தைக்கு வந்ததும் உவர்மண்ணை யாரும் தேடவில்லை. டெரிலினும் பாலியெஸ்டரும் பரவியதும் வெள்ளாவிக்கே வேலையில்லாமல் போயிற்று. அந்தத் துணி ஆவியைத் தாங்காது, கஞ்சியும் கேட்காது. பம்பு செட்டுகள் வந்து தண்ணீர் துறையை விட்டு வரப்புக்கு வந்தது. சலவைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்தார்கள், நகரத்துக்குப் போனார்கள், சிலர் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டுப் பணமாகக் கூலி வாங்கினார்கள். சோற்றுக்கூடையிலிருந்து சில்லறைக் காசுக்கு வந்த அந்த மாற்றத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பழைய கிராமத்தின் அழகைப் பற்றிப் பெருமூச்சுவிடுகிறவர்கள் சோற்றுக்கூடையை ஒருநாள் தலையில் வைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் அழுக்குத் துணி மறைந்துவிடவில்லை. ஊருக்கு வெளுத்தவர்கள் விடுதலையானபோது, அந்த மூட்டை வீட்டுக்குள்ளிருந்த பெண்களின் தலையில் இறங்கியது. வயல் வேலை முடிந்து வந்து, பம்பு செட்டுத் தொட்டியருகே குந்தி, கணவனின் வேட்டி, பிள்ளைகளின் சீருடை, மாமியாரின் சேலை, கட்டிலில் கிடக்கும் மாமனாரின் விரிப்பு எல்லாவற்றையும் அடித்தவர்கள் நம் தாய்மார்கள். சோப்புத் தூளின் காரத்தில் அவர்கள் விரலிடுக்கு வெடித்தது, தண்ணீரில் நின்று கால் புண்ணானது. துறையில் நின்றவர்களுக்கு வந்த அதே நோய்கள். களத்து மரக்கால் மட்டும் இவர்களுக்கு அளக்கப்படவில்லை. ஆண்கள் துவைத்தால் குறைந்துபோவார்களா? காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது, புத்தகம் வாங்கிப் படித்துத் துவைக்கக் கற்றுக்கொண்டார். முதல் முயற்சியில் கஞ்சி அதிகமாகி, நீதிமன்றத்தில் காலரிலிருந்து உதிர்ந்ததாகவும் சக வழக்கறிஞர்கள் சிரித்ததாகவும் அவரே சுயசரிதையில் எழுதுகிறார். நம் வாலிபர் சங்கத்தார் அந்த அத்தியாயத்தை வாசிப்பது நல்லது, சிரிப்பும் வரும்.

இப்போது வேத வசனத்துக்குத் திரும்புகிறேன். எபிரெய மொழியில் கழுவுதலுக்கு வெவ்வேறு வினைச்சொற்கள் உண்டு. கை, கால், உடலைக் கழுவுவதற்கு ராகாட்ஸ். உடையைத் துவைப்பதற்குக் காபாஸ். மிதித்தல் என்ற பொருள் அதன் அடியில் இருக்கிறது, ஏனெனில் அவர்கள் துணியைத் தொட்டியிலிட்டுக் காலால் மிதித்து வெளுத்தார்கள். ஏசாயா ஏழில் வரும் வண்ணார் என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தது. ஐம்பத்தோராம் சங்கீதத்தில் தாவீது தன் பாவத்தைக் கழுவ வேண்டுகிறபோது, ராகாட்ஸ் என்ற சொல்லை எடுக்கவில்லை. இரண்டாம் வசனத்திலும் ஏழாம் வசனத்திலும் காபாஸ் என்கிறார். தமிழில் இரண்டும் கழுவுதல்தான், வேற்றுமை தெரியாது. தன்னை ஓர் அழுக்குத் துணியாகத் தொட்டியில் போட்டு மிதிக்கும்படி ராஜா கேட்கிறார். அதைச் செய்கிறவராக தேவனை நினைக்கிறார். அரண்மனையில் வாழ்ந்தவருக்கு, தேவனுக்குரிய ஓர் உருவகம் தேவைப்பட்டபோது, துறையில் நின்ற மனிதர் நினைவுக்கு வந்தார்.

சுவிசேஷத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். மறுரூப மலையில் இயேசுவின் வஸ்திரம் பிரகாசித்ததை மத்தேயு ஒளிக்கு ஒப்பிடுகிறார், லூக்கா மின்னுவதாகச் சொல்கிறார். மாற்கு ஒருவர்தான் பூமியில் துணி வெளுப்பவரைக் கொண்டுவந்து நிறுத்தி, அவராலும் கூடாத வெண்மை என்கிறார். மாற்கு எழுதியது பேதுருவின் நினைவுகளை என்பது சபையின் பழைய பாரம்பரியம். அப்படியானால் மலையுச்சியில் மகிமையைக் கண்ட மீனவர், அதைச் சொல்ல வார்த்தை தேடியபோது, தன்னைப் போலத் தண்ணீரில் நின்று பிழைத்த இன்னொரு தொழிலாளியை எண்ணியிருக்கிறார்.

நம் சபைப் பதிவேடுகளில் இங்கே ஊழியம் செய்த போதகர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. மணி வாங்கிக் கொடுத்தவர் பெயரும் பலகையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கிகளையும் பீடத்துணிகளையும் வெளுத்துக் கொடுத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. எழுபது வயதைக் கடந்த சபையாருக்கு அவர்களில் சிலரையாவது நினைவிருக்கும்: பெயர், தெரு, எந்தக் குளத்தில் வெளுத்தார்கள், பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஆலயத்தின் வடக்குத் தாழ்வாரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பெயரைச் சொல்லும்போது அவரை நீங்கள் அந்நாளில் எப்படி அழைத்தீர்களோ அப்படிச் சொல்ல வேண்டாம். ஐயா என்றோ அம்மா என்றோ சேர்த்துச் சொல்லுங்கள், அப்படியே எழுதிக்கொள்கிறேன்.